விழுந்த இடத்திலிருந்து யாரைக் கூப்பிட முடியும்?

பொங்கல் முடிந்து பிள்ளைகள் ஊருக்குத் திரும்பின அடுத்த வாரம் எனக்குப் போன் வர ஆரம்பிக்கும். நாலு நாள் வீட்டில் இருந்து பார்த்திருப்பார்கள். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள், அப்பா ராத்திரி மூன்று தடவை எழுந்து போகிறார் என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணில் பட்டிருக்கும். சென்னையிலோ துபாயிலோ போய் இறங்கியதும் மனசு கேட்காது. "அண்ணாச்சி, அம்மா தனியா கெடக்கா. கேமரா போடட்டுமா, அந்த வாட்ச்ச வாங்கட்டுமா, இல்ல பட்டன் வச்ச போன் போதுமா?"

பாளையங்கோட்டையை வைத்துச் சுற்றியுள்ள ஊர்களுக்கு இன்வெர்ட்டரும் கேமராவும் மாட்டிக் கொடுப்பது என் தொழில். கேமரா விற்றால் எனக்கு நாலு காசு நிற்கும். கம்பியில்லாத காலிங்பெல் விற்றால் டீச்செலவுக்குக் கூடக் காணாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே நான் அதிகம் பரிந்து பேசப்போவது அந்த மணிக்குத்தான்.

## எதை வைத்து அளப்பது

கடையில் போய் நின்றால் மெகாபிக்சல், பேட்டரி, ஆப் என்று பேச்சு போகும். அதெல்லாம் அப்புறம். நம் பக்கத்துப் பழைய வீட்டை நினைத்துப் பாருங்கள், ரயில் பெட்டி மாதிரி நீளம். தெருவாசல், திண்ணை, தார்சா என்கிற முன்கட்டு, பட்டாசல் என்கிற நடுக்கூடம், அடுக்களை, அதைத் தாண்டி முற்றம், கிணற்றடி, கடைசியில் புறவாசல் ஓரம் கக்கூஸ். வயசானவர்கள் விழுவது பெரும்பாலும் அந்தக் கடைசி இடத்தில்தான், அதுவும் ராத்திரி எழுந்து போகையில். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை கிறுகிறுக்கும். தரை ஈரம். அங்கிருந்து எவ்வளவு கத்தினாலும் தெருவுக்குக் கேட்காது.

ஆகவே முதல் கேள்வி: தரையில் கிடந்தபடி அந்தக் கருவியை இயக்க முடியுமா? விழுந்த அடியை விட, விழுந்து எழ முடியாமல் கிடந்த நேரம் சில சமயம் அதிகம் கெடுத்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரே பக்கமாகக் கிடந்தால் தசை நசுங்கி, அதிலிருந்து கசியும் பொருள் சிறுநீரகத்தைத் தாக்கலாம். தோல் புண்ணாகும். தண்ணீர் இல்லாமல் உடம்பு வற்றும். இடுப்பெலும்பு முறிந்தவர் எழுந்து நடுவீட்டு மேஜைக்கு வந்து போனை எடுக்கப் போவதில்லை.

இரண்டாவது: அழைப்பு யாருக்குப் போகிறது? இதைத்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். மகன் பெங்களூரில் இருக்கிறான், அலாரம் அவன் போனுக்குப் போகிறது என்று வையுங்கள். பதறிப்போய் 108-ஐ அழுத்தினால் அது கர்நாடகத்துக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். துபாயிலிருந்து அழுத்தினால் நம் 108-க்குப் போகவே போகாது. அவன் செய்யக்கூடியது பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு எழுப்புவது மட்டும்தான். அப்படியென்றால் அலாரம் நேராகப் பக்கத்து வீட்டுக்கே போயிருக்கலாமே?

மூன்றாவது கதவு. ஆள் ஓடி வந்தாயிற்று, வெளியே நிற்கிறார். உள்ளே தாழ்ப்பாள், அதற்கு மேல் குறுக்கே போடுகிற அடிதண்டா. அந்தக் காலத்துத் தேக்குக் கதவை உடைக்க ஆசாரியைத்தான் கூப்பிட வேண்டும். வெளியிலிருந்தும் சாவி போட்டுத் திறக்கிற பூட்டு ஒன்றை மாட்டி, ஒரு சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைக்காமல் எந்தக் கருவியும் வாங்காதீர்கள். பூட்டுக்கும் ஆசாரி கூலிக்கும் சேர்த்து ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் ஆகும். இது எந்தக் கருவியின் விலைப்பட்டியலிலும் இருக்காது.

நான்காவது, கரண்டும் டவரும் போனால் என்ன ஆகும். 2023 டிசம்பர் 17, 18-ஐ நாம் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் பயணிகளோடு மாட்டி நின்றது. கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசுக்குள்ளேயே தண்ணீர். கரையோர ஊர்களில் மின்சாரமும் செல்போனும் நாள்கணக்கில் இல்லை. அந்த வாரம் வெளியூர்ப் பிள்ளைகளின் போனில் எத்தனையோ கேமராக்கள் 'ஆஃப்லைன்' என்று மட்டும் காட்டிக்கொண்டிருந்தன.

ஐந்தாவதாக, அவர்கள் அதைத் தொடுவார்களா என்பது. ஆறாவது, வருஷத்துக்கு எவ்வளவு தின்னும் என்பது. இந்த இரண்டையும் ஒவ்வொரு கருவியாகப் பார்க்கும்போது சொல்கிறேன்.

## கம்பியில்லாத மணி

காலிங்பெல்தான், வேறொன்றுமில்லை. அழுத்துகிற பட்டன் ஒன்று, ஒலிக்கிற பெட்டி ஒன்று. இரண்டுக்கும் இடையே ரேடியோ அலை. இன்டர்நெட் வேண்டாம், சிம் வேண்டாம், ஆப் வேண்டாம். நானூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துக்குள் கிடைக்கிறது. பட்டனைக் கக்கூஸில் வைத்து, பெட்டியைப் பக்கத்து வீட்டுப் பட்டாசலில் வைத்துவிட வேண்டும். ஒரே பட்டனுக்கு இரண்டு பெட்டி ஒலிக்கிற மாதிரியும் பழக்கிக்கொள்ளலாம். ஒரு வீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்குப் போனால் இன்னொரு வீடு இருக்கும்.

அட்டைப்பெட்டியில் 100 மீட்டர் என்று போட்டிருப்பான். அது வெட்டவெளிக் கணக்கு. இரண்டடி கனத்தில் சுண்ணாம்புச் சுவர் மூன்றைத் தாண்டும்போது அதில் பாதி கூட மிஞ்சாது. கல்லிடைக்குறிச்சியில் என் சித்தி வீட்டில் முதலில் மாட்டியது அடுத்த வீட்டுக்கு எட்டவே இல்லை. பெட்டியை அவர்கள் பட்டாசலிலிருந்து எடுத்துப் பின்கட்டு ஜன்னலில் வைத்த பிறகுதான் கேட்டது. வாங்குமுன் கடைக்காரரிடம் திருப்பித் தருவதாகப் பேசிக்கொண்டு, வீட்டில் வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

பட்டனை மாட்டுகிற உயரம்தான் இதில் சூட்சுமம். எல்லாரும் சுவிட்ச் உயரத்தில் மாட்டுவார்கள். நான் சித்தி வீட்டுக் கக்கூஸ் தரையில் சாக்கு விரித்துப் படுத்தே பார்த்தேன். இடது கைக்கு எட்டுகிற உயரம் ஒரு சாண். வலது பக்கம் விழுந்தால் அதுவும் எட்டாது. கடைசியில் இரண்டு பட்டன், எதிரெதிர்ச் சுவரில், தரையிலிருந்து முக்கால் அடியில். சித்தி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏ கோட்டி, எந்திரிலே, யாராவது பாத்தா என்ன நெனப்பாவ" என்றாள்.

குறை இல்லாமல் இல்லை. ஒலிக்கும் பெட்டி பிளக்கில் செருகுகிற ரகம் என்றால் கரண்ட் போனதும் ஊமை. பென்சில் செல் போடுகிற ரகமாகப் பார்த்து வாங்க வேண்டும். பட்டனுக்குள் இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரியை வருஷத்துக்கொரு தடவை மாற்ற வேண்டும். அழுத்துகிற விசையிலேயே மின்சாரம் உண்டாக்கிக்கொள்ளும் ரகமும் வந்திருக்கிறது. பேட்டரி மறந்துபோகிற வீட்டுக்கு அதுதான் சரி, ஆனால் சற்று அழுத்தமாக அமுக்க வேண்டும், விரல் வலுவில்லாதவர்களுக்கு ஒத்துவராது. மயக்கமாகிவிட்டால் எந்தப் பட்டனும் உதவாது.

கணக்கில் வராத செலவு பக்கத்து வீட்டாரின் மனசு. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வருவதை நாம் சம்பளம் கொடுத்து வாங்கவில்லை. தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது அல்வாப் பொட்டலத்தோடு அந்த வீட்டுப் படியேறுகிற பிள்ளைகளின் அம்மாவுக்கு மணி நன்றாக வேலை செய்கிறது, நான் பார்த்திருக்கிறேன்.

## எஸ்ஓஎஸ் பட்டன் உள்ள கீபேட் போன்

பெரிய எழுத்து, பெரிய பட்டன், முதுகில் ஒரு சிவப்புப் பொத்தான். அதை அழுத்தினால் சைரன் மாதிரி கத்தும், நாம் பதிந்து வைத்த எண்களுக்கு ஒன்றன் பின் ஒன்றாக அடிக்கும், சிலதில் எஸ்எம்எஸ்ஸும் போகும். ஆயிரத்தைந்நூறிலிருந்து மூவாயிரத்தைந்நூறு வரை. ஒரு தடவை சார்ஜ் போட்டால் நாலைந்து நாள் தாங்கும்.

எண்களின் வரிசையில்தான் புத்தி வேண்டும். முதல் எண் மகன், இரண்டாவது மகள், மூன்றாவது மருமகன், எல்லாரும் வெளியூர் என்று பதிந்து கொடுக்கிறார்கள். முதல் இரண்டு எண்ணும் பத்து நிமிஷத்தில் வந்து சேரக்கூடியவர்களாக இருக்கட்டும். பக்கத்து வீடு, எதிர்த்த கடை, ஊரிலேயே இருக்கிற ஆட்டோக்காரர். மகன் மூன்றாவதாக இருந்தால் பாசம் குறைந்துவிடாது.

பலருக்குத் தெரியாத ஒன்று: எஸ்ஓஎஸ் பட்டன் தனியாக இல்லாத போனிலும் அவசர அழைப்பு இருக்கிறது. 2017 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் போன்களில் இது இருக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்தது. கீபேட் போனில் 5 அல்லது 9-ஐ விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஸ்மார்ட்போனில் பவர் பட்டனைத் தொடர்ந்து மூன்று தடவை அழுத்துவது என்று விதி, சில மாடலில் ஐந்து தடவை. அது 112 என்கிற பொது அவசர எண்ணுக்குப் போகும். விளையாட்டுக்குச் சோதித்துப் பார்க்காதீர்கள், அங்கே எடுப்பது நிஜமான ஆள்.

வாங்கும்போது ஏமாறுகிற இடம் சிம். ஜியோவுக்கு 2ஜி கிடையாது. 2ஜி மட்டும் உள்ள மலிவு போனை வாங்கிவிட்டு, வீட்டிலிருக்கும் ஜியோ சிம்மைப் போட்டு 'சிக்னல் இல்லை' என்று என்னிடம் கொண்டு வருகிறார்கள். களக்காடு, பாபநாசம் பக்கம் மலையடிவாரத்து ஊர்களில் எந்தக் கம்பெனி அடுக்களைக்குள்ளும் எடுக்கிறது என்பதைத் தெருவில் நின்று பார்த்தால் போதாது, புறவாசலில் நின்று பார்க்க வேண்டும்.

வருஷச் செலவு ரீசார்ஜ். டேட்டா தேவைப்படாதவர்களுக்காகப் பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான பேக் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் உத்தரவிட்டது. கடையில் கேட்டால் டேட்டா பேக்கையே நீட்டுவார்கள், கேட்டு வாங்குங்கள். இன்னொரு லாபமும் உண்டு. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று வீடியோ காலில் காக்கிச் சட்டையோடு வந்து மிரட்டுகிறானே, கீபேட் போனில் அவன் முகத்தைக் காட்ட முடியாது.

இதன் பெரிய குறை, போன் கையோடு இருக்க வேண்டும். தலைமாட்டில் இருக்கும், கக்கூஸுக்குப் போகும்போது இருக்காது. கயிறு கோத்துக் கழுத்தில் போடச் சொன்னால் ஆம்பளைகள் ஒத்துக்கொள்வதில்லை. பெண்கள் தாலிச்சரட்டோடு சிக்குகிறது என்பார்கள். இடுப்பில் செருகுகிற சுருக்குப்பை கொஞ்சம் தேவலை.

## கைக்கடிகாரம்

விழுந்ததைத் தானே கண்டுபிடிக்கிற கடிகாரம், கேட்க மாயம் மாதிரி இருக்கும். ஆப்பிள் வாட்ச் 2018-இல் வந்த சீரிஸ் 4 முதல் இதைச் செய்கிறது. சாம்சங் கேலக்ஸி வாட்ச்சிலும் உண்டு. பலமாக விழுந்ததாக உணர்ந்தால் மணிக்கட்டில் தட்டி, 'விழுந்துவிட்டீர்களா' என்று கேட்கும். ஆப்பிளில் ஏறத்தாழ ஒரு நிமிஷம் அசைவே இல்லையென்றால் தானே அவசர எண்ணை அழைத்து, நாம் கொடுத்த எண்களுக்கு இடத்தையும் அனுப்பும். மயக்கமாகிக் கிடப்பவருக்கு உதவுகிற கருவி இந்தப் பட்டியலில் அநேகமாக இது ஒன்றுதான்.

அதற்கு இருக்கிற நிபந்தனைகளையும் கேளுங்கள். தினமும் சார்ஜ். பெரும்பாலும் ராத்திரிதான் கழற்றிச் சார்ஜில் போடுவார்கள், விழுவதும் ராத்திரிதான். ஆப்பிள் வாட்ச்சுக்கு ஐபோன் வேண்டும். கடிகாரத்துக்கே தனி இணைப்பு உள்ள செல்லுலார் ரகம் இல்லையென்றால் போன் பக்கத்தில் இருந்தால்தான் அழைப்பு போகும். கடிகாரமே கால் லட்சம், போனையும் சேர்த்தால் எங்கேயோ போய் நிற்கும். சுவரில் சாய்ந்து மெதுவாகச் சரிந்து உட்கார்ந்தவரை இது பல சமயம் கவனிக்காது, ஏனென்றால் அது தேடுவது அடியின் வேகத்தை. துவைக்கிற கல்லில் ஓங்கித் துணி அடித்தால் விழுந்ததாக எண்ணிக் கேட்கும் வாய்ப்பும் உண்டு.

ஒரு நுணுக்கம். ஆப்பிளில் 55 வயசுக்கு மேல் என்று பதிந்தால் விழுதல் கண்டறிதல் தானாகவே ஓடும். அதற்குக் கீழே என்றால் நாம் போய் இயக்க வேண்டும். அப்பாவுக்காக வாங்கி, அவசரத்தில் தன் பிறந்த தேதியையே போட்டுக் கொடுத்த மகன்களை நான் பார்த்திருக்கிறேன். அமைப்புக்குள் போய் ஒருமுறை பாருங்கள்.

அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு வீடு. மகள் அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்த வாட்ச் பூஜை அலமாரியில், விளக்குக்குப் பக்கத்தில், பட்டுத் துணியில் சுற்றி இருந்தது. ஏன் ஆச்சி கட்டவில்லை என்று கேட்டேன். "கோயிலுக்குப் போனா கெட்டுவேன். குளிக்கப் போறப்ப அத எதுக்குய்யா? தண்ணி பட்டா வீணாப் போவாதா, அம்புட்டு வெல" என்றார்கள். தண்ணீர் படலாம் என்று நான் சொன்னதை அவர்கள் நம்பவில்லை.

இரண்டாயிரம், மூவாயிரத்துக்கு 'எஸ்ஓஎஸ்' என்று எழுதி விற்கிற கடிகாரங்களில் பெரும்பாலானவை புளூடூத்தில் போனோடு இணைந்தவை. அழைப்பது போன்தான், விழுந்ததைக் கண்டுபிடிக்கிற வேலை எதுவும் அதில் இல்லை. அந்தக் காசுக்கு மணி இரண்டு, கக்கூஸில் பிடித்துக்கொள்ளக் கம்பி இரண்டு வாங்கலாம்.

## கேமரா

மற்றவர்கள் கேமராவில் தொடங்குவார்கள், நான் அதைக் கீழே தள்ளிவிட்டேன். விழுகிற இடத்தில் கேமரா வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. பட்டாசலில் மாட்டினால் பட்டாசல் மட்டும் தெரியும். இங்கே விடியற்காலை மூன்று மணி என்றால் துபாயில் ஒன்றரை, பார்க்கிற மகனும் தூங்குவான். (அமெரிக்காவில் பிள்ளை இருந்தால் நம் ராத்திரி அவர்களுக்குப் பகல், அந்த விதத்தில் தேவலை.) மறுநாள் பதிவை ஓட்டிப் பார்த்து 'ரெண்டு மணிக்கு எழுந்து போனாங்க, திரும்பி வரலை' என்று தெரிந்துகொள்வதில் என்ன இருக்கிறது?

கேமரா இரண்டாயிரம், மூவாயிரம் என்பது தலைச்செலவு. மாசாமாசம் இன்டர்நெட், மெமரி கார்டு தேய்ந்தால் மாற்றுவது, கரண்ட் போனால் ரவுட்டர் அணையாமல் இருக்க ஒரு சின்ன யுபிஎஸ். கேமரா வாங்கும்போதே அதில் இருந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டால் வீட்டு நடுவறை ஊருக்கே திறந்து கிடக்கும்.

வீரவநல்லூரில் ஒரு வீட்டில் 'படம் வரலை' என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் கேமரா மேல் ஈரத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. "தலைய விரிச்சுப் போட்டு உக்கார முடியல, ரவிக்கைய அவுத்து வேர்வ தொடைக்க முடியல. எம் மவந்தான், ஆனா அவம் பொண்டாட்டியும் பாப்பாள்ல?" ஆச்சி கேட்டது நியாயம். துண்டை நான் எடுக்கவில்லை.

கேமராவை வாசலுக்கு மாட்டுங்கள். யார் வந்தார், யார் போனார், தனியாக இருக்கிற வீடென்று எவன் நோட்டம் விடுகிறான் என்பதற்கு அது நல்ல கருவி. சொந்தக்காரர் யாராவது ஏமாற்றுகிறாரோ, வேலைக்காரி சாப்பாடு கொடுக்கிறாளோ என்கிற சந்தேகம் இருக்கிற வீட்டிலும் வேண்டியிருக்கலாம். அப்போதும் பெரியவர்களிடம் சொல்லிவிட்டு மாட்டுங்கள்.

## அசைவு சென்சார்

தெருவில் ஒரு வீட்டு வாசல் காலையில் தெளிக்காமல் கிடந்தால் எதிர் வீட்டுக்காரி எட்டிப் பார்ப்பாள். நம் ஊரில் அதுதான் ஆதிகாலத்து சென்சார். இப்போதைய கருவியும் அதையே செய்கிறது. அடுக்களையில் ஒன்று, புறவாசல் கதவில் ஒன்று. காலை ஏழரைக்குள் அசைவு இல்லையென்றால் போனுக்குத் தகவல் வரும். கட்டிக்கொள்ள வேண்டாம், அழுத்த வேண்டாம், படம் பிடிக்காது. எதையும் உடம்பில் மாட்டமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்களுக்கு இதுதான் வழி.

சென்சார்களை இன்டர்நெட்டோடு இணைக்கிற ஹப் பெட்டியோடு இரண்டு மூன்று சென்சார் வாங்க நாலாயிரம், ஐயாயிரம் ஆகும். பட்டன் செல் ஒரு வருஷம் வரும். இன்டர்நெட் இல்லாமல் வேலை செய்யாது. பூனை போனாலும் 'ஆள் நடமாட்டம்' என்று கணக்கு வைக்கும். நம் பக்கத்துக்கே உரிய ஒரு சங்கடம்: இந்த சென்சார் பார்ப்பது உடம்புச் சூட்டுக்கும் சுற்றுப்புறச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. சித்திரை, வைகாசியில் மதியம் பாளையங்கோட்டைச் சுவரே உடம்பளவு கொதிக்கும்போது அதற்கு ஆள் தெரிவது மங்கிவிடும். கதவு திறந்தால் சொல்கிற காந்த சென்சாருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆகவே புறவாசல் கதவு, ஃபிரிட்ஜ் கதவு இரண்டிலும் அதையே மாட்டுகிறேன்.

ராத்திரி பதினொன்றுக்கு விழுந்தவரைக் காலை ஏழரைக்குத்தான் இது சொல்லும். மணி இருக்கிற வீட்டில் இது இரண்டாவது காவல், தனியாக இருந்தால் போதாது.

## சந்தா கட்டிக் கண்காணிப்பு

பட்டனை அழுத்தினால் ஒரு கால்சென்டர் எடுத்து, விசாரித்து, ஆம்புலன்ஸ் அனுப்பும். பெரிய நகரங்களில் இது நன்றாக நடக்கலாம். திருநெல்வேலிக்கு வாங்குமுன் மூன்று கேள்வி: போனை எடுப்பவர் தமிழ் பேசுவாரா? வீட்டுக்கு நேரில் வர அவர்களுக்கு இந்த ஜில்லாவில் ஆள் உண்டா? ஆம்புலன்ஸ் அவர்களுடையதா, இல்லை அவர்களும் 108-க்குத்தான் போன் போடுவார்களா? எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் சோதனைக்கு அழுத்தியபோது எடுத்த பையன், 'கோயம்புத்தூர் பக்கம் எந்தப் பாளையம் சார்?' என்று கேட்டான். வருஷச் சந்தாவைத் திரும்ப வாங்க அவர்கள் நாலு மாசம் அலைந்தார்கள்.

பேசும் ஸ்பீக்கரைப் பற்றி இரண்டே வரி. பாட்டு கேட்கவும் மாத்திரை நேரம் நினைவூட்டவும் நல்லது. அவசரத்துக்கு நம்ப வேண்டாம். கரண்டும் வைஃபையும் வேண்டும், நான் வைத்துப் பார்த்ததில் சித்தியின் தமிழ் அதற்குப் புரியவில்லை.

## ஒரே பார்வையில்

| கருவி | முதல் செலவு (ரூ., சுமாராக) | தொடர் செலவு | தரையில் கிடந்தபடி | கரண்ட் போனால் | டவர் போனால் |
|---|---|---|---|---|---|
| மணி | 400–1,000 | செல், பேட்டரி | தாழ மாட்டினால் முடியும் | செல் போட்ட ரகம் ஒலிக்கும் | ஒலிக்கும் |
| எஸ்ஓஎஸ் போன் | 1,500–3,500 | ரீசார்ஜ் | உடம்பில் இருந்தால் | வேலை செய்யும் | சைரன் மட்டும் |
| வாட்ச் | 25,000-க்கு மேல், போன் தனி | செல்லுலார் என்றால் மாசக் கட்டணம் | தானே அழைக்கும், கட்டியிருந்தால் | சார்ஜ் உள்ளவரை | அழைக்காது |
| கேமரா | 2,000–3,000 | இன்டர்நெட், கார்டு | உதவாது | யுபிஎஸ் வேண்டும் | நெட் போனால் பார்க்க முடியாது |
| சென்சார் | 4,000–5,000 | இன்டர்நெட், செல் | தாமதமாகத் தெரியும் | யுபிஎஸ் வேண்டும் | நெட் போனால் தகவல் வராது |
| சந்தா | கம்பெனியைப் பொறுத்தது | வருஷாவருஷம் | பட்டன் எட்டினால் | கருவியைப் பொறுத்தது | பெரும்பாலும் இல்லை |

## எந்த வீட்டுக்கு எது

சுவரோடு சுவர் ஒட்டின தெரு, வளவு, அக்ரகாரம் என்றால் மணியும் கீபேட் போனும். விலை குறைந்த ரகமாகப் பார்த்தால் மூவாயிரத்துக்குள் முடிந்துவிடும். மிச்சக் காசில் கக்கூஸ் சுவரில் கம்பி, வழுக்காத விரிப்பு, ஆள் வந்தால் தானே எரிகிற பல்பு, கரண்ட் போனாலும் எரிகிற சார்ஜ் பல்பு. சொல்லப்போனால் இந்த நாலையும் வாங்கின பிறகுதான் மேலே உள்ள எதையும் வாங்க வேண்டும்.

கே.டி.சி. நகரைத் தாண்டிப் புதுசாகப் பிளாட் போட்ட இடத்தில் தனி வீடு, இரண்டு பக்கமும் காலிமனை, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஆளில்லை. அங்கே மணி வீண். கையில் வசதி இருந்து, பெரியவர் ஏற்கெனவே ஸ்மார்ட்போன் பழகியவர் என்றால் வாட்ச் வாங்கலாம். சார்ஜ் போடும் நேரத்தைக் காலைச் சாப்பாட்டு வேளைக்கு மாற்றிப் பழக்குங்கள், ராத்திரி கையில் இருக்கட்டும். வசதி இல்லையென்றால் எஸ்ஓஎஸ் போனும் கதவு சென்சாரும்.

தாத்தாவும் ஆச்சியும் இரண்டு பேராக இருக்கிற வீட்டில் ஒலிக்கும் பெட்டியை அவர்கள் தலைமாட்டிலும் ஒன்று வையுங்கள். காது கேளாதவர் என்றால் வெளிச்சம் மின்னுகிற ரகமாக. வருமானம் குறைந்த அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டத்தில் காது மெஷின், ஊன்றுகோல், வாக்கர் போன்றவை முகாம் வைத்து இலவசமாகத் தருகிறார்கள், முகாம் எப்போது என்று கலெக்டர் ஆபீஸில் கேளுங்கள்.

ஞாபகம் தவறத் தொடங்கியவர்களுக்கு நான் எந்தக் கருவியும் விற்பதில்லை. வெளியே போய் வழி தெரியாமல் நிற்பவரைக் கண்டுபிடிக்க ஜிபிஎஸ் டிராக்கர் இருக்கிறது, ஆனால் அதற்குச் சார்ஜ் போட இன்னொரு ஆள் வீட்டில் வேண்டும். ஆள் இருந்தால்தான் கருவியே ஓடும் என்கிற நிலை அது.

சொல்லிக்கொள்ள யாருமே இல்லாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணைத் தெரிந்து வைத்துக்கொள்ளட்டும். காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள். விவரம் கேட்கவும் தொல்லை கொடுக்கிறவர்களைப் பற்றிச் சொல்லவும் அது, விழுந்து கிடக்கும்போது அழைக்க அல்ல. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை கொண்டு வருகிற பெண்ணின் எண்ணையும் போனில் ஏற்றிவிடுங்கள். மாசம் தவறாமல் அந்த வீட்டுக்குள் நுழைகிற ஆள் அவர்.

சித்தி வீட்டில் ஞாயிறு தோறும் காலையில் ஒரு தடவை மணி அடித்துப் பார்ப்பதாக ஏற்பாடு. பக்கத்து வீட்டு மதினி "கேட்டுது" என்று புறவாசலில் இருந்தே குரல் கொடுப்பார்கள், கையோடு அரை மணி நேரம் பேச்சும் நடக்கும். பேட்டரி மாற்றின தேதியைப் பட்டனின் முதுகில் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்தது ஐப்பசி, மழை பிடிக்குமுன்னால்.